லாபம், ரெண்டு, மூணு

பெரும்பாலும் சும்மா நிற்பதுதான் என் வேலை.
மூன்றாம் பகுதியில் அறுபத்து மூன்று தாளக்கட்டு மௌனம்,
அறுபத்து நாலாவதில் ஒரே ஒரு அடி.
இரண்டு பித்தளைத் தட்டுகளை மோதிவிட்டு
மறுபடியும் சும்மா.

பகலில் மின்வாரியத்தில் கணக்கீட்டாளர்.
வீடு வீடாக மீட்டர் பார்க்கிறவனுக்கு
எண்ணுவது என்ன கஷ்டம் என்றுதான்
பல் டாக்டர் ஜெபக்கனி என்னைச் சேர்த்துக்கொண்டார்.
பல் பிடுங்கும் அதே கையால்தான்
ஞாயிற்றுக்கிழமை நரிமேட்டில் எங்களை நடத்துகிறார்.
வயோலா துளசிராமுக்குச் சுங்குடிக் கடை.
செல்லோ நூர்ஜஹான் ரயிலில் டிக்கெட் பரிசோதகர்,
பாதி ஒத்திகைக்கு மானாமதுரையில் இருப்பார்.
கொம்பு ஊதும் இருவரும் போலீஸ் பேண்டில் ஓய்வு பெற்றவர்கள்,
நிறுத்தச் சொன்னால்
நாற்காலியிலேயே விறைத்துக்கொள்வார்கள்.

ஆடியில் ஒரு நாள் டாடா ஏஸில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு
கருப்பாயூரணிப் பள்ளிக்குப் போனோம்.
வயலினை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
செல்லோவுக்கு, 'இதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?'
நூர்ஜஹான் யோசித்துத்தான் பதில் சொன்னார்.
என் தட்டுகளைத் தூக்கிக் காட்டினேன்.
'பெரிய ஜால்ரா!'
பள்ளிக்கூடமே சிரித்தது, தலைமையாசிரியரைத் தவிர.

வாசித்து முடித்ததும் ஒரு பெண் கேட்டாள்,
ஏழாம் வகுப்பு, அங்காளஈஸ்வரி:
'அவ்வளவு நேரம் என்ன சார் முணுமுணுத்தீங்க?'
கரும்பலகையில் எழுதிக் காட்டினேன்.
ஒண்ணு ரெண்டு மூணு நாலு
ரெண்டு ரெண்டு மூணு நாலு
மூணு ரெண்டு மூணு நாலு
ஒவ்வொரு கட்டுக்கும் முதல் எண் மட்டும் ஏறும்.
இல்லாவிட்டால் மௌனத்துக்குள் தொலைந்துபோவோம்.

'எங்கப்பா ஒண்ணுன்னு ஆரம்பிக்க மாட்டார் சார்.
மாட்டுத்தாவணியில எலுமிச்சங்கா.
கைக்கு அஞ்சு அள்ளிப் போட்டு
லாபம், ரெண்டு, மூணுன்னுதான் போவார்.'
துண்டுச் சாக்பீஸால் அவளே திருத்தினாள்.
அழிக்க எனக்கு மனம் வரவில்லை.
அன்றிலிருந்து நானும் அப்படித்தான்.

ஐப்பசியில் கச்சேரி,
தல்லாகுளத்தில் ஒரு கல்யாண மண்டபம்.
முந்தின நாள் மணமக்கள் பெயர்
தெர்மாகோல் எழுத்தில் பாதி உரிந்து பின்னால் நின்றது.
வெளியே மழை.
நாலாவது வரிசை முழுக்கக் கருப்பாயூரணி, சீருடையில்.

மூன்றாம் பகுதி. புல்லாங்குழல் ஓய்ந்தது.
என் மௌனம் தொடங்கிய அதே நொடியில்
விளக்குகள் ஒரு தரம் இமைத்தன.
இசைக்குழு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது,
மின்வாரியம் என்பது ஏதோ நான்தான் என்பதுபோல.
வெளிச்சம் நிலைத்தது. எண்ணத் தொடங்கினேன்.

நாற்பது வாக்கில்தான் அவளைக் கவனித்தேன்.
விரல்கணுக்களில் கட்டைவிரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
பக்கத்துப் பையன் ஏதோ கேட்டான்,
தொடையில் ஒரு கிள்ளு, எண்ணிக்கை நிற்கவில்லை.
நான் அறுபத்து மூன்றில் இருக்கும்போது
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
தாடையால் 'ம்' என்றாள்.

மேசையில் அச்சடித்த தாள்.
கையில் இருபத்திரண்டு வருட மீட்டர் பழக்கம்.
ஏழாம் வகுப்புச் சொல்லை எப்படி நம்புவது?

ஒரு கட்டு கழித்து அடித்தேன்.
இசை வேறெங்கோ போயிருந்த இடத்தில்
பித்தளை தனியாக வெடித்தது.
தப்பான பல்லைப் பிடுங்கியவர் முகம் டாக்டருக்கு.
மண்டபம் கைதட்டியது,
மழைக்கு ஒதுங்கியவர்கள் இன்னும் பலமாக.

கூட்டம் கலைந்ததும் மேடையோரம் வந்து நின்றாள்.
'லாபத்த விட்டுட்டீங்க சார்.'

தட்டுகளைக் கேட்டாள். கொடுத்தேன்.
கனத்தில் முழங்கை கொஞ்சம் இறங்கியது.
அடிக்கவில்லை.
இரண்டையும் அகட்டிப் பிடித்துக்கொண்டு
உதடு மட்டும் அசைய நின்றாள்.
கீழே பள்ளி வேன் ஹாரன் அடித்தது, மறுபடி அடித்தது.
அவள் பத்தொன்பதில் இருந்தாள்.